விபூதி போட்டுத் தேய்த்த வெள்ளிக்காசு

தங்கமாரிக்கு அழுக்கு என்றால் ஆகாது. ஒரகடத்தில் போன் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து அனுப்புகிற லைனில் அவளுக்கு வேலை. கைரேகை ஒன்று பதிந்திருந்தால்கூட சூப்பர்வைசர் வள்ளென்று விழுவார். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள் மகராசி. தம்பி மாரிசெல்வம் தண்ணீர் குடித்து வைத்த டம்ளரைக்கூட அவன் கண்ணெதிரே கழுவி வைப்பாள்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து முதலில் பிழைக்க வந்தவள் அவள்தான். பிறகு தம்பியையும் இழுத்துக்கொண்டாள். அவன் கார் உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள்; இந்த வருஷம் நிரந்தரம் ஆகிவிடும் என்று பேச்சு. சேரப்பணஞ்சேரியில் இளங்கோவன் வீட்டு மாடி அறையில் இருவரும் குடியிருந்தார்கள்.

வினை ஒரு தண்ணீர்க்குழாயில் வந்தது. ஒழுகுகிறதே என்று பார்க்க மாடியேறி வந்த இளங்கோவன், சாமி படத்துக்கு முன்னால் இருந்த வெள்ளிக்காசைக் கண்டதும் குழாயை மறந்துவிட்டார்.

"இது இன்னா, இங்க கீது?"

நூறு ரூபாய் என்று பொறித்த காசு. கடைத்தெருவில் புழங்குவதற்காக அடித்தது இல்லை. ஆசைப்பட்டுச் சேர்ப்பவர்களுக்காக அரசாங்கம் கண்ணாடி மாதிரி மெருகேற்றி, கொஞ்சமாய் அடித்து விற்றது. ப்ரூஃப் காசு என்பார்கள். நிலம் விற்ற நாளிலிருந்து இளங்கோவனுக்கு அந்தப் பைத்தியம். அவருடைய சேகரிப்பில் இதே காசு ஒன்று காணாமல்போயிருந்தது. அவர் வீட்டு மோட்டார் ரிப்பேருக்கெல்லாம் உள்ளே போய்வந்தவன் மாரிசெல்வம். அவர் மனசு எங்கே போகும், சொல்லுங்கள்.

"எங்க அய்யாவோடது சார்," என்றாள் தங்கமாரி. அவர்கள் அப்பா வானமாமலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒரு தீபாவளிக்குக் கொடுத்தது. கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. மாரிசெல்வம் ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா உலகம்மாள்தான் அவனிடம் காசைக் கொடுத்தனுப்பினாள்.

இளங்கோவனைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கும் கதை சுலபம். அவர் அப்படியில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

"நான் கையில எடுத்தா, மாத்திட்டாருன்னு நாளைக்குச் சொல்லுவீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். என் காசை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சிகீறேன். காலைல கொண்டா, வெச்சிப் பாக்கலாம். என்னுதுன்னு தெரிஞ்சா நேரா ஸ்டேஷன்தான்."

ஸ்டேஷன் என்ற சொல்லே போதுமே. போலீஸ் கேஸ் என்று காதில் விழுந்தால் காண்ட்ராக்டர் அன்றைக்கே அடையாள அட்டையைப் பிடுங்கிவிடுவான். அப்புறம் இந்தப் பக்கத்தில் எந்தக் கேட்டுக்குள்ளும் மாரிசெல்வம் நுழைய முடியாது. அவன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

தங்கமாரிக்குக் கை நிலைகொள்ளவில்லை. பெரிய மனிதர் முன்னால் வைக்கப்போகும் காசு, கவிழ்ந்திருந்த பக்கம் கறுத்துக் கிடந்தது. தெருவில் கிடந்து எடுத்த பொருள் மாதிரி இருந்தால் யார் நம்புவார்கள்? ஈரத்துணியில் விபூதியைத் தொட்டு, வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தாள். காசு பளபளவென்று ஆனது. அவளுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

விடிந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"இதுக்கா பயப்படுத?" என்றாள் உலகம்மாள். "வெள்ளிக்கெழமதோறும் நான் குங்குமம் வச்சு வச்சு, சிங்கத் தலைக்கு மேல கருப்பா வட்டம் விழுந்திருக்கும்லா? அவரு காசுல அது எப்படி இருக்கும்? அதக் காட்டுட்டி."

தங்கமாரி காசைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம்தான் அதில் மங்கலாகத் தெரிந்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சரிம்மா என்று போனை வைத்தாள்.

கீழே இளங்கோவன் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் செத்துப்போனது.

"பாவி, இதைப் போய்த் தேய்ச்சிகீறியே. பூரா கீறல், மதிப்பே போச்சு. இந்தக் காசைத் துணியால தொடக்கூடாதும்மா. ஏன் தேய்ச்ச?"

"சுத்தமா இருக்கட்டும்னு சார். அதுல குங்குமக் கறை இருந்துச்சு. எங்க அம்மா வச்சது. அது இருந்திருந்தா..."

"என் போட்டோல கறை இல்ல. உன் காசுலயும் கறை இல்ல. இருந்துச்சுன்னு சொல்ற." அவர் பெருமூச்சு விட்டார். "நேத்து போட்டோன்னு சொன்னேன். ராவோட ராவா தேய்ச்சிட்ட. நான் இன்னான்னு நெனைக்கிறது?"

அவள் பின்னால் மாரிசெல்வம் நின்றுகொண்டிருந்தான்.

இளங்கோவன் காசை அவள் பக்கம் தள்ளினார். "இனி இதை வெச்சி நான் இன்னா பண்றது? நீயே எடுத்துக்க. வயசுப் பையன், பாவம். போலீஸ் கீலீஸ் வாணாம். ரூமை மட்டும் காலி பண்ணிடுங்க. கையை அடக்கி வெச்சிக்கச் சொல்லு."

எங்கள் காசை எங்களுக்கே தானம் கொடுக்கிறீர்களா என்று கேட்க வாய் துடித்தது. கேட்டால் அவர் போனைக் கையில் எடுப்பார். தம்பியின் அடையாள அட்டை அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தங்கமாரி இரண்டு கையாலும் காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி சார்," என்றாள்.

அறைக்குள் வந்து துணிகளைப் பைக்குள் அடைக்க ஆரம்பித்த மாரிசெல்வம், நிமிராமலே கேட்டான்.

"எக்கா, நான்தான் எடுத்தேன்னு நீயும் நெனச்சியோ? அதான் தேய்ச்சியா?"