கோ என்பதற்கு நேரான தமிழ்ச் சொல்

என் மடத்தனத்தை முதலில் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம். உலகத்து மொழிகளெல்லாம் ஒரே தச்சன் செய்த அலமாரிகள் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். மேல்தட்டில் பெயர்ச்சொல், அதற்கடுத்த தட்டில் வினைச்சொல், கீழே பொடிப்பொடியாக மற்றவை. ஊர் மாறினால், இந்த அலமாரியிலிருந்து எடுத்து அந்த அலமாரியின் அதே தட்டில் வைத்தால் போதும், குடித்தனம் நடக்கும். இந்த நம்பிக்கையோடுதான் ரங்கூனில் கப்பல் ஏறினேன். இந்த நம்பிக்கையால்தான் உத்திரமேரூரில் என் வேலையும், வீடும், பெண்டாட்டியும் ஒரே வெள்ளிக்கிழமையில் போகப் பார்த்தன.

எங்கள் தெருக் குழாயடியில் ஒருநாள் காலை நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் குடத்தைக் கீழே வைத்ததை நான் பார்த்தேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. என் மனைவி மா செய்ன், வரிசையில் நின்றபடி, வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டிருந்தாள்: "அண்ணே! தண்ணி வந்துச்சு, பெரிய கொடம் எட்தா!" நானும் கடமை தவறாத கணவனாகக் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். தமிழ் எவ்வளவு சீக்கிரம் அவளுக்கு வந்துவிட்டது என்று வாயெல்லாம் பற்பசையோடு பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பர்மாவிலிருந்து வந்து முகாம்களில் இருப்பவர்களுக்கும், இன்னும் அங்கேயே தங்கிவிட்ட நம்மவர்களுக்கும் நான் விளக்கத் தேவையில்லை. பர்மாவில் பெண் தன் புருஷனைக் 'கோ' என்பாள். கோ என்றால் அண்ணன். காதலிக்கும்போதும் கோ, கல்யாணமான பிறகும் கோ, சண்டையிலும் கோதான், கொஞ்சம் நீட்டிச் சொல்வாள். அங்கே உறவுச்சொல்லே பாதி நேரம் 'நான்', 'நீ' என்பவற்றின் வேலையையும் பார்க்கும். ஆனால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அண்ணன் என்றால் கட்டக் கூடாதவன். மாமன் மகன், அத்தை மகன் என்று கட்டக் கூடியவர்களுக்கெல்லாம் வேறு பெயர்கள் வைத்துக் கவனமாக வேலி போட்டிருக்கிறார்கள். அந்த வேலியின் மேல் என் பெண்டாட்டி தினமும் காலையில் ஏறி நின்று கூவிக்கொண்டிருந்தாள். ஏற்றிவிட்டவன் நான்.

எப்படி என்று சொல்கிறேன். எங்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று அரசாங்கம் பெயர் வைத்திருந்தது. நான் பிறந்தது ஐராவதி டெல்டாவில். என் அப்பா சிறு வயதில் விட்டுவந்த இந்தப் பக்கத்தை நாற்பது வயதுவரை நான் பார்த்ததே இல்லை. போகாத இடத்துக்குத் திரும்பி வந்த என்னை எந்த இலக்கணத்தில் சேர்ப்பது? ஆனாலும் அந்தப் பெயரால்தான் அரசு அலுவலகம் ஒன்றில் தபால் பதிவு குமாஸ்தா வேலை கிடைத்தது, தற்காலிகமாக. குடும்பஸ்தர்களுக்கு மட்டும் என்று ஏரிப் பக்கம் ஒரு மனையும் கிடைத்தது. அங்கே ஓலை போட்டுக் குடியேறியதும் நான் செய்த முதல் காரியம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கோடு போட்டு, மூன்று பத்திகள் பிரித்தது. பர்மி, தமிழ், இங்கிலீஷ். 'கோ' என்பதற்கு நேரே 'அண்ணன்' என்று எழுதி மா செய்னுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்திலுள்ள திருமுக்கூடலில் மூன்று ஆறுகள் சேர்வதுபோல என் நோட்டில் மூன்று மொழிகள் சேரும் என்று மா செய்னிடம் வசனம் பேசினேன். பிறகு ஒருநாள் அவளைத் திருமுக்கூடலுக்குக் கூட்டிப்போனபோது மூன்று ஆற்றிலும் மணல்தான் இருந்தது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இங்கிலீஷ் பள்ளியில் சொல்லுக்கு எட்டு வகை என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே வாங்கிய பழைய இலக்கணப் புத்தகம் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்திக்கொண்டது. பர்மியில் எத்தனை என்று நான் யாரையும் கேட்டதில்லை. சோற்றில் எத்தனை பருக்கை என்று கேட்பதுபோல் இருந்திருக்கும். வினைச்சொல் கடைசியில் வரும் என்பதில் தமிழும் பர்மியும் ஒன்று, அதனால் மா செய்ன் தைரியமாக ஆரம்பித்தாள். ஆனால் 'த்வா டே' என்றால் நானும் போகலாம், நீயும் போகலாம், மந்திரியும் போகலாம், மாடும் போகலாம். தமிழிலோ போனவன் யார், ஆணா பெண்ணா, மரியாதைக்குரியவரா, மாடா என்று வினையே வாலில் எழுதி வைத்திருக்கிறது. அவள் எல்லாருக்கும் பொதுவாகப் 'போச்சு' போட்டாள். தேடி வந்த என் ஹெட் கிளார்க்கிடம் "அண்ணே ஆபீஸ் போச்சு" என்றாள். அவர் ஒரு கணம் அலுவலகமே போய்விட்டதாக நினைத்தாராம்.

எண்ணுவதிலும் அப்படித்தான். அங்கே எதை எண்ணினாலும் அது எந்த இனம் என்று கூடவே ஒரு சொல் சொல்ல வேண்டும். மனிதருக்கு 'யௌக்', மிருகத்துக்கு 'கௌங்', அதாவது உடம்பு, உருண்டைக்கு 'லோன்', பிக்குகளுக்குத் தனியாக 'பா'. இங்கே வெறுமனே மூன்று கத்தரிக்காய் என்பது அவளுக்கு உடுப்பில்லாமல் தெருவில் நிற்பதுபோல் இருந்தது. சந்தையில் "கத்தரிக்கா மூணு உருண்ட குடு" என்று கேட்டாள். எதிர்வீட்டுக் குப்பம்மா, நாற்று நடப் போகிற பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னா மாசி, ரெண்டு உடம்பு நாயி, மூணு உருண்ட கத்தரிக்கா! உம் புருசன் பொஸ்தகம் போட்டுச் சொல்லிக் குடுத்து இதான் லச்சணமா?" மா செய்ன் என்ற பெயர் எங்கள் தெருவில் மாசி ஆகி வெகுநாள் ஆகியிருந்தது.

அந்தக் குப்பம்மாதான் ஒருநாள் என்னை வேலியோரம் நிறுத்தினாள். "தப்பா எட்த்துக்காத சார். மாசி உன்ன அண்ணேன்னு கூப்டுதே, இன்னா சமாச்சாரம்?" நான் சிரித்துக்கொண்டு, பண்டிதத் தோரணையில், "எங்க ஊர்ல எல்லாப் பொம்பளையும் புருஷனை அண்ணன்னுதான் கூப்பிடுவாங்கம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப அங்க அண்ணனியே கட்டிக்கிறாங்களா?" இல்லை, அது வேறு அண்ணன், இது வேறு அண்ணன் என்று நான் பதினைந்து நிமிடம் விளக்கினேன். விளக்கம் முடிந்தபோது அவள் முகத்தில் நாங்கள் இன்னும் ஒரு படி இறங்கியிருந்தோம். அன்றைக்காவது நான் நோட்டை எடுத்து, 'கோ' என்பதற்கு நேரே எழுதியிருந்த 'அண்ணன்' என்ற சொல்லை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அந்தப் பக்கம் அவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹெட் கிளார்க் என்னைத் தனியே கூப்பிட்டார். "நடேசன், ஒக்காரு. மொதல்ல தண்ணி குடி." ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கிறது என்றார். இன்னார், கல்யாணமாகாதவர், கூடப் பிறந்த தங்கையைப் பெண்டாட்டி என்று தாயகம் திரும்பியோர் அட்டையில் எழுதிக் குடும்பஸ்தர் மனையும் அரசாங்க வேலையும் வாங்கியிருக்கிறார். அந்தப் பெண் இவரை ஊரறிய அண்ணன் என்று அழைக்கிறாள். கழுத்தில் தாலி இல்லை. கல்யாணமாகி எட்டு வருஷமாகிறது என்கிறார்கள், பிள்ளையும் இல்லை. மூன்று காரணங்களும் உண்மை. மூன்று உண்மைகளைக் கோத்து ஒரு பொய்யைக் கட்டியிருந்தான், எழுதியவன் என்னைவிட நல்ல இலக்கணக்காரன். வெள்ளிக்கிழமை காலை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார், நிரூபித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேலையும் மனையும் திரும்பப் போகும் என்றார். "கல்யாணப் பத்திரிக இருந்தா எட்த்து வை."

பத்திரிகையா? பர்மாவில் மா செய்ன் வீட்டுக் கூடத்தில், அவள் அம்மாவும் தெருக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் ஒரே தட்டில் கைவிட்டுச் சோறு சாப்பிட்டோம். அதுதான் கல்யாணம். அந்தத் தட்டையா கொண்டுவந்து காட்டுவது? அதுவும் அங்கேயே இருக்கிறது. யாருக்கு யார் என்ன உறவு, அவர்களில் எவனுக்குப் பதவி கூடாது என்பதையெல்லாம் சோழர் காலத்திலேயே கோயில் சுவரில் கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கும் ஊர் இது. அந்த ஊரில் என் பெண்டாட்டிக்கு ஒரு காகிதத் துண்டுகூட இல்லை.

மூன்று நாளும் நான் நடந்துகொண்ட விதம் பற்றி உங்களிடம் பெருமையாக எதுவும் சொல்வதற்கில்லை. மா செய்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். "இவர் என் கணவர். எழுவாய், பயனிலை. சொல்லு." சொன்னாள். பத்து தடவை சொன்னாள். பதினோராவது தடவை, "இவர் என் கணவர், கோ" என்று முடித்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்த ஊர்ப் பெண்கள் போல 'மாமா' என்று கூப்பிடேன் என்றேன். பாடம் தொடங்கியதிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். அங்கே மா மா என்றால் அக்கா அல்லவா? "அண்ணன் வேண்டாமென்று அக்காவாகப் போகிறீர்களா?" என்று பர்மியில் கேட்டாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு அழுகையில் போய் முடிந்தது. அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு, நம் பேச்சில் அப்படி என்ன தப்பு என்று மெல்லக் கேட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேட்டைக் கடையில் தாலிக் கயிறு வாங்கி வந்தேன். மஞ்சள் பளீரென்று இருந்தது. மா செய்ன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நேற்றுத்தான் கல்யாணம் என்று இதுவே சொல்லிவிடும் என்றாள். மறுநாள் விடிந்ததும் இருந்த டீத்தூளையெல்லாம் கொட்டிக் கொதிக்கவைத்து அதில் கயிற்றை ஊறப்போட்டேன். எட்டு வருஷத்தை அரை மணி நேரத்தில் காய்ச்சப் பார்த்தேன். வடிகட்டி எடுத்தபோது கயிறு பழசாக இருந்தது, டீ வாசனைதான் போகவில்லை. அவள் திரும்பிக் கழுத்தைக் காட்டினாள். நான் போட்ட முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்தது. அப்படி எங்களுக்கு இரண்டாம் கல்யாணம் ஆயிற்று. சாட்சி, அடுப்பில் இருந்த டீப் பாத்திரம்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். என்னை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். தெருவே வாசல்களில் நின்றது. அட்டையைப் புரட்டிவிட்டு, "பயப்படாம சொல்லும்மா. இவர் உனக்கு என்ன வேணும்?" என்றார்.

மா செய்ன் வாயைத் திறந்தாள். எழுவாய் வரவில்லை. என்னைப் பார்த்தாள். "கோ..." என்றாள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். அந்த மூடியின் 'டிக்' சத்தம் கேட்டதும் அவள் வெடித்தாள்.

"இன்னா வேணுமா? எட்டு வருசமா இந்த ஆளோட மாரடிச்சிக்கினு கீறேன், இன்னா வேணும்னு கேக்கிற! கப்பல்ல பத்து வாட்டி வாந்தி எட்த்தாரு, எவ அள்ளுனா? நாந்தான் அள்ளுனேன். உப்பு போட்டா கரிக்குதுன்றாரு, போடலன்னா வாயில வெக்க முடிலன்றாரு. மூணு நாளா பாடம் பாடம்னு ஒரே பேஜார். காத்தால கீற டீத்தூள் எல்லாத்தையும் கவுத்துக்குக் கொட்டிட்டாரு, நாஷ்டாவுக்கு ஒரு வாய் டீ இல்ல. அண்ணனா இருந்தா இந்நேரம் எங்கம்மா வூட்டுக்கே தொரத்தி வுட்டு இருப்பேன்!"

எனக்கு அந்த நேரத்திலும் ஒன்று தோன்றியது, என்ன ஜன்மம் நான். ஒரு விகுதிகூடப் பிசகவில்லை. எடுத்தார், என்கிறார், கொட்டிவிட்டார், எல்லாம் ஆளுக்கும் காலத்துக்கும் பொருந்தி வந்து விழுந்தன. அத்தனையும் குழாயடியில் கற்றது, என் நோட்டில் கற்றது ஒன்றுமில்லை. ஆனால் 'எங்கம்மா வூடு' என்ற இடத்துக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். அந்த வீட்டுக்கு யாரைத் துரத்த முடியும்? கப்பல் ஏறிய பிறகு அவள் அம்மாவிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன, அப்புறம் வரவில்லை. வாசலில் அப்படியே உட்கார்ந்துகொண்டு முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள்.

குப்பம்மா எதிர் வாசலிலிருந்து இறங்கி வந்தாள். "சார், கூடப் பொறந்தவன எவளாவது இந்தத் திட்டு திட்டுவாளா? இது கட்டிக்கினவ திட்டு சார். எழுதிக்கினு போ." சுற்றி நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். இன்ஸ்பெக்டருக்கும் வீட்டில் ஒருவர் இருந்திருக்க வேண்டும். கயிற்றையும் அவள் ரவிக்கையில் இருந்த டீக் கறையையும் ஒரு தடவை பார்த்தார், அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மறுபடி பேனாவைத் திறந்து 'மனைவி' என்று எழுதி, கீழே குப்பம்மாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

நான் உள்ளே போய் மா செய்னிடம் பர்மியில் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று பர்மியிலேயே சொன்னாள். வழக்கமாக அந்த வாக்கியத்தின் வாலில் ஒரு 'கோ' இருக்கும். அன்று அந்த இடம் காலியாக இருந்தது. மத்தியானம் சோறு போட்டுவிட்டு, "இந்தாங்க" என்றாள். குப்பம்மா தன் புருஷனைக் கூப்பிடுகிற அதே குரல். தப்பே இல்லாத தமிழ்.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. நோட்டில் 'அண்ணன்' என்பதை அடித்துவிட்டேன், நேரே வேறு சொல் எழுதவில்லை. வீட்டுக்குள் நாங்கள் இன்னும் பர்மிதான் பேசுகிறோம். சில வேளை, கதவு சாத்தியிருக்கும்போது, வேண்டுமென்றே காது கேளாதவன்போல உட்கார்ந்திருப்பேன், பழைய மாதிரி கூப்பிட்டுப் பார்ப்பாளா என்று. அவள் எழுந்து வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போவாள்.

அந்த மொட்டைக் கடுதாசியைத் தள்ளுபடி செய்தார்கள். வேலை நிரந்தரமானது. மனை எங்கள் பெயரில் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மா செய்ன் என்னைக் கோ என்று கூப்பிட்டதில்லை.