தெரு நிறையப் பாவு

காலை ஆறு பத்து. பெரிய காஞ்சிபுரத்தில், நீளமாகவும் காலியாகவும் இருக்கும் ஒரு தெருவில் எங்கள் கேரவன் நிற்கிறது. ஓய்வுபெற்றபின் நானும் நண்பர் டேனியலும் சேர்ந்து வாங்கியது. நான் ஓட்டுகிறேன், அவர் ஆசைதீரச் சமைக்கிறார்.

ஒரு பெண் ஜன்னலைத் தட்டுகிறார்.

"வண்டிய எடுங்க சார். இங்க பாவு போடணும்."

டேனியலின் முகம் மலர்கிறது. பாவ் பாஜிக் கடை என்று நினைத்துவிட்டார்.

"போடுங்கம்மா. எங்களுக்கும் ரெண்டு பிளேட்."

"தின்ற பாவு இல்ல சார், சேலைக்கு நீட்டு நூலு. தெரு பூரா இழுத்துக் கட்டணும். வெயில் ஏறிட்டா பட்டு அறுந்துக்கினே இருக்கும்."

சாவியைத் திருப்புகிறேன். வண்டி கிளம்பவில்லை. டேனியலின் ஃபிரிட்ஜ் பேட்டரியைக் குடித்துவிட்டிருக்கிறது. அந்தப் பெண் ஒரு குரல் கொடுக்கிறார். ஏழு பேர் வந்து தெருமுனை வரை தள்ளுகிறார்கள்.

ஏழு மணிக்குள் தெரு நெடுக அரக்கு நிறப் பட்டு விறைப்பாக நிற்கிறது. வெயில் இன்னும் கூரைகளிலிருந்து தெருவுக்கு இறங்கவில்லை.

எட்டரைக்கு டேனியல், வெண்ணெயில் வாட்டிய ரொட்டியும் மசாலாவுமாகத் தட்டுகளை நீட்டுகிறார். விசாலாட்சி, அதுதான் அந்தப் பெண்ணின் பெயர், ஒரு துண்டு பிய்த்து மெல்லுகிறார்.

"உங்க பாவு தேவல சார். பிஞ்சா முடிச்சு போட வேணாம்."