கதைக்காத பிள்ளைக்கு வைத்த நேர்த்தி

என் மகளுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. ஓட்டிசம் என்று டொக்டர் சொன்னார். அவரோடு சண்டை பிடிக்காத குறையாக வெளியே வந்தேன். வரும் வழியில் ஊர் முருகன் கோயில் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். மகள் ஒரு தரம் 'அப்பா' என்று கூப்பிட்டால் தேரன்று பிரதட்டை செய்கிறேன் என்று நேர்த்தி வைத்தேன். நாலு வீதியும் தேருக்குப் பின்னால் உருண்டு வருவது சின்னக் காரியமா? முருகன் மலிவாக ஒன்றும் தரமாட்டார் என்பது என் எண்ணம். நேர்த்தியை மனைவியின் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். மச்சானின் வாய் சும்மா இருக்குமா? ஊருக்கே தெரிந்துவிட்டது.

நாலு வருடத்தில் நாலு தேர் போனது. மற்றவர்கள் ஈர மணலில் உருள, நான் ஓரமாக நின்று பார்த்தேன். யாராவது கேட்டால், "பிந்திக் கதைக்கிற பிள்ளை, வேறை ஒண்டுமில்லை" என்பேன். சொல்லச் சொல்ல எனக்கே எரிச்சல் வரும். அந்த எரிச்சலை யாரிடம் காட்டினேன் என்று நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பின்னேரங்களில் அவளுக்கு விசுக்கோத்து வேண்டும். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விசுக்கோத்துத் தகரப் பேணியடிக்குப் போவாள். நான் ஒன்றை எடுத்து உயரத் தூக்கிப் பிடிப்பேன். "அப்பா எண்டு சொல்லு, தாறன்." அவள் எட்டுவாள், துள்ளுவாள், பிறகு தன் கையையே கடிப்பாள். ஒருநாள் மனைவி குசினியிலிருந்து வந்து, விசுக்கோத்தைப் பறித்து மகளிடம் கொடுத்தாள்.

"சீ! பெத்த பிள்ளையைப் பிச்சை எடுக்க வைக்கிறீங்களே! கையைப் பிடிச்சு இழுக்கிறாளெல்லே, அது உங்களைக் கூப்பிடுறதில்லையோ? என்ரை கையைக்கூட அவள் இப்பிடித் தேடி வாறேல்லை."

உண்மைதான். கலியாண வீட்டில் யாராவது கன்னத்தைத் தட்டினாலே அலறுகிற பிள்ளை அவள். நாலு வருடமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் இன்னொரு சொல் வேண்டுமென்று அடம்பிடித்திருக்கிறேன், மடையன். கிணற்றடிக்குப் போய் வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த வருடத் தேரன்று கிணற்றில் தலை தோய்ந்துவிட்டு, தேங்காயை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நானும் வீதியில் படுத்தேன். மச்சான் ஓடிவந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் என்னை உருட்டிவிடத் தொடங்கினார். தெற்கு வீதி திரும்பும்போதே முதுகு எரிந்தது.

முடிந்து எழுந்தபோதுதான் நடந்த கூத்து விளங்கியது. நான் உருண்டதைக் கண்டு, பிள்ளை பேசிவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது! மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு தாயோடு மதிலோரம் நின்ற மகளைப் பெண்கள் சூழ்ந்துவிட்டார்கள். "எங்கை, அப்பா எண்டு சொல்லு பாப்பம், என்ரை குஞ்செல்லே!"

மச்சானுக்குக் கண் கலங்கியிருந்தது. "ஏனடா எனக்கு முதலே சொல்லேல்லை? எப்ப கதைச்சவள்?"

வழக்கமான பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"அவள் கதைக்கேல்லை, மச்சான்." சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன். "பிள்ளைக்கு ஓட்டிசம். இனிக் கதைக்காமலும் விடுவாள்."

"அப்ப ஏனடா உருண்டனீ?"

"கேட்டதைத் திருப்பி எடுக்க. இனி முருகனிட்டையும் கேக்கமாட்டன், அவளிட்டையும் கேக்கமாட்டன்."

மச்சான் பெண்கள் பக்கம் திரும்பி, "விலகுங்கோ, பிள்ளைக்குச் சத்தம் ஏலாது!" என்று கத்தினார். மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நாலு வருடமும் என் பொய்க்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றவள், அருகில் நின்ற பெண்ணிடம் முதன்முறையாகத் தானும் சொன்னாள்:

"ஓம் அக்கா. எங்கடை பிள்ளை இப்பிடித்தான்."