வரதராஜன் காட்டுகிற இருக்கை

கல்லூரிப் பையன் பஸ் படியில் கால் வைத்ததும் வரதராஜன் டிக்கெட்டைக் கிழித்துவிட மாட்டார். முதலில் கேள்விதான். “படிச்சு முடிச்சிட்டு இன்னா பண்ணப் போற?” பையன் பாங்க் என்று முனகினால், “மூணாவது சீட்டு, கட்டம் போட்ட சட்டை. பாங்கு கேஷியரு. போய்ப் பக்கத்துல குந்து” என்பார். இன்னும் யோசிக்கவில்லை என்பவனுக்குக் கால்நடை டாக்டரின் பக்கத்தில் இடம். டாக்டர் பெரிய பேச்சுக்காரர். யோசிக்காமல் இருக்க விடமாட்டார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், படப்பை வழியாகத் தாம்பரம் போகிற காலை பஸ்ஸில் வரதராஜன் கண்டக்டர். டிகிரி படிக்கிற பிள்ளைகள் கடைசி சீட்டில் கும்பலாக அரட்டை அடித்தால் அவருக்குப் பொறுக்காது. முன்னால் இத்தனை உத்தியோகங்கள் சும்மா தூங்கி வழிகின்றனவே என்று மனசு அடித்துக்கொள்ளும். தனக்கு ஏதோ தெரியும் என்று அவர் சொல்லிக்கொண்டதே இல்லை. “எனுக்கு டிக்கெட்டு கிழிக்கத் தெரியும். தெரிஞ்சவங்க பக்கத்துல குந்த வெக்கறேன், அவ்ளோதான்.” ஒரே ஒரு நிபந்தனை. சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். பெண்கள் பக்கத்திலும் இதே ஆட்சிதான். நர்ஸ் ஜெயத்தின் பக்கத்து இடத்துக்கு எப்போதும் போட்டி.

யார் என்ன வேலை என்று அவர் விசாரிப்பதில்லை. விரலில் மசி என்றால் பத்திர ஆபீஸ், சட்டையில் டிங்சர் வாசனை என்றால் ஆஸ்பத்திரி. பார்த்தே சொல்லிவிடுவதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. போன மாசி மாதம் அந்தக் கர்வத்துக்கு ஒரு அடி விழுந்தது.

சேரப்பணஞ்சேரி பரசுராமன் பி.ஏ. கடைசி வருஷம். அவனை வக்கீலாக்குவது என்று அப்பா தணிகாசலம் முடிவு செய்து, ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டார். வரதராஜன் அவனைக் கறுப்புக் கோட்டு போட்ட நரசிம்மன் என்பவர் பக்கத்தில் உட்கார வைத்தார். நரசிம்மன் வக்கீல் இல்லை, ரயிலில் டிக்கெட் பரிசோதகர். விஷயம் வெளியே வருவதற்குள் பையன் மனசு தண்டவாளத்தில் ஏறிவிட்டது. ரயில்வே பரீட்சைதான் எழுதுவேன், லா காலேஜ் வேண்டாம் என்று வீட்டில் சாப்பிடாமல் அடம் பிடித்தான். எழுதினால் வீட்டுப் படி ஏறாதே என்றார் அப்பா.

மறுவாரம் தணிகாசலமே பஸ் ஏறினார். “எம்புள்ளைய இப்டி கெடுத்து வெச்சிட்டு எங்கிட்டயே டிக்கெட்டு குடுக்கறியா?” கோட்டைப் பார்த்து ஏமாந்தது தன் தப்புதான் என்று வரதராஜன் ஒப்புக்கொண்டார். ஆனால் பையன் ஆசைப்பட்டதில் என்ன தப்பு என்றும் மனசில் இருந்தது. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நரசிம்மன் பக்கத்தில் இருந்தவரை எழுப்பிவிட்டு, “அண்ணே, நீங்களே இவரக் கேளுங்க. அப்பால என்னை இன்னா வேணா பண்ணுங்க” என்று தணிகாசலத்தை அங்கே உட்கார வைத்தார்.

படப்பை வரை தணிகாசலத்தின் அதட்டல்தான் கேட்டது. முடிச்சூர் பக்கம் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வந்தது. வரதராஜன் திரும்பிப் பார்க்கப் பயந்து பின்படியிலேயே நின்றார்.

தாம்பரத்தில் தணிகாசலம் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். “வக்கீலுன்னா வாய்தா மேல வாய்தா வாங்குவான். இவரு ஓடற ரயில்லயே கேஸ விசாரிச்சு அங்கயே தீர்ப்பு சொல்லிடறாருய்யா. எம்புள்ள எழுதட்டும்.”

படியில் ஒரு கால் வைத்த தணிகாசலம் திரும்பினார். “எம்பொண்ணு பாஞ்சாலி வர்ற வருஷம் காலேஜு சேருது. அத்த யார் பக்கத்துல குந்த வெப்ப?”

இறங்க எழுந்த பெண்களை, அப்படியே உட்காருங்கள் என்று கையமர்த்திவிட்டு, வரதராஜன் முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக நோட்டம் விடத் தொடங்கினார்.