ரோஸ்வித்தா வீட்டுக்குப் போகும் கோடு

ரோஸ்வித்தாவைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் நான்தான் சொல்ல வேண்டும். ஊரில் வேறு யார் சொன்னாலும் அவரவர் பங்கை மறைத்துவிட்டு என் பங்கை மட்டும் சொல்வார்கள்.

அவள் மேட்டுக்காரி. ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரையில் பிறந்த நாங்கள், மலைக்கு மேலே உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கிறவர்களை அப்படித்தான் ஏளனமாகச் சொல்வோம். திராட்சை பறிக்க வந்தவள், தன்னைவிடப் பதினெட்டு வயது மூத்த பெர்த்தோல்ட் லேனர்ட்டைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். ஏழாம் வருடம் அவர் தன் தோட்டத்துச் சரிவில் கலப்பையை இழுக்கும் கம்பி அறுந்து உருண்டார். எங்கள் சரிவுகளில் நிற்பதற்கே ஆட்டுக்கால் வேண்டும். இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று, கைகளும் பாதிதான் அசைந்தன. அன்றிலிருந்து பதினோரு வருடம் சக்கரம் வைத்த கட்டிலில் கிடந்தார். தினமும் காலையில் ரோஸ்வித்தா கட்டிலை ஜன்னலோரம் தள்ளி வைப்பாள், மாலையில் திரும்ப இழுப்பாள்.

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சைக்கிளில் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு நான்கு அறைகளை வாடகைக்கு விட்டாள். நல்ல யோசனைதான், ஆனால் வீடு இருக்கும் இடம் அப்படி. சைக்கிள் பாதை ஆற்றோடு சமமாகப் போகிறது. அவள் வீடோ செங்குத்தான மேல்தெருவின் கடைசியில், திராட்சைக்கொடிகளுக்கு நடுவில். அறுபது கிலோமீட்டர் மிதித்து வந்தவன் அந்த ஏற்றத்தை நிமிர்ந்து பார்த்தால் அவன் தொடை நடுங்கும். எல்லோரும் ஆற்றோரத்திலேயே இறங்கிவிடுவார்கள். ஆற்றோரத்தில் முதல் வீடு என்னுடையது, வாடகைக்கு ஆறு அறை.

அதனால் அவள் மற்றவர்கள் செய்யாததைச் செய்தாள். நனைந்த துணிகளைக் கொதிகலன் அறையில் காயப் போட்டாள். விருந்தாளி சாப்பிட்டு முடிப்பதற்குள் அவன் சைக்கிள் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டாள். பஞ்சர், பிரேக், கியர் எல்லாவற்றையும் ஆற்றோரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஆல்பன் தீலனிடம் கற்றுக்கொண்டாள். ஆல்பன் மனைவியை இழந்தவன். கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் முடிந்த பிறகும் இரண்டு வருடம் அவள் அங்கே போய்க்கொண்டிருந்தாள். ஊருக்கே தெரியும், பெர்த்தோல்டைத் தவிர.

ஒருநாள் ரொட்டிக் கடை வாசலில் என்னை நிறுத்தினாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஊரு என்ன வேணா பேசட்டும், எவால்ட். அவருக்கு மட்டும் தெரியவேணாம். அவருக்கு மிச்சம் இருக்கிறது அந்த ஜன்னலும் நானும்தான்."

வீடு அவர் பெயரில் இருந்தது. அவருடைய தங்கை எதிர்வீட்டில், அது தன் கைக்கு வரும் என்பதற்காகவே உயிரோடு இருந்தாள். ஆனால் ரோஸ்வித்தாவின் பயம் வீட்டைப் பற்றியது மட்டுமில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நான் சரி என்று தலையாட்டினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மே மாதம் பிறப்பதற்கு முந்தைய இரவு, கல்யாணமாகாத பையன்கள் சுண்ணாம்பு வாளியோடு கிளம்புவார்கள். யாராவது இரண்டு பேர் ரகசியமாகப் பழகினால், ஒருவர் வாசலிலிருந்து மற்றவர் வாசல் வரை தெருவில் வெள்ளைக் கோடு போட்டுவிடுவார்கள். மறுநாள் ஊரே அதைத் தாண்டித்தான் நடக்கும். யார் அதைக் கழுவுகிறாரோ அவர் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதனால் யாரும் கழுவ மாட்டார்கள், மழைக்குக் காத்திருப்பார்கள்.

அந்த வருடம் ஆல்பன் கடையிலிருந்து ரோஸ்வித்தா வீடு வரை கோடு விழுந்தது. சுண்ணாம்பு என் பாதாள அறைச் சுவருக்குக் கரைத்து மீந்தது. பையன்கள் கேட்டார்கள், கொடுத்தேன். எதற்கு என்று தெரிந்துதான் கொடுத்தேன். அது தயிர்க்கட்டி சேர்த்துக் கரைத்தது, கல்லில் பிடித்தால் லேசில் விடாது.

பொழுது விடிந்து ஊர் பார்ப்பதற்குள், சுண்ணாம்பு காயும் முன்பே, ஆல்பன் தன் பங்கை மட்டும் தேய்த்துக் கழுவியிருந்தான். கடை வாசலிலிருந்து சைக்கிள் பாதை வரை பத்தடி பளிச்சென்று இருந்தது. ஆம்பளை. இப்போது கோடு சைக்கிள் பாதையில் தொடங்கி நேரே ரோஸ்வித்தா வீட்டுக்குப் போனது. முன்பு ஒருத்தனுக்குத்தான் வழி, இப்போது ஆற்றோடு போகிற எவனுக்கும் வழி என்று மதுக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நான்தான். நன்றாகச் சிரித்தார்கள்.

பெர்த்தோல்ட் ஜன்னலிலிருந்து கோட்டின் கடைசித் துண்டைப் பார்த்துவிட்டு என்ன அது என்று கேட்டாராம். சைக்கிள்காரர்களுக்கு ஊராட்சி போட்ட வழிக்குறி என்று ரோஸ்வித்தா சொல்லிவிட்டாள். சின்ன வயதில் தானே இந்த மாதிரி எத்தனையோ கோடு போட்ட மனிதர் அதை நம்பினார். நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சைக்கிள்காரர்களும் அப்படியே நம்பினார்கள். டச்சுக்காரக் குடும்பங்கள், கொலோன் நகரத்து ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற தம்பதிகள் எல்லோரும் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் பாதை இப்படித்தான் திரும்புகிறது என்று ஏற்றத்தில் ஏறினார்கள். பாதி பேர் இறங்கித் தள்ளினார்கள். மேலே வந்து பார்த்தால் கோடு ஒரு வீட்டு வாசலில் முடிகிறது. வாசலில் ஒரு பெண் தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறாள். திரும்ப இறங்க யாருக்குத் தெம்பு இருக்கும்? அங்கேயே தங்கினார்கள். மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் சொட்டு மழை இல்லை. அவள் முற்றத்தில் சைக்கிள் சாய்க்க இடமில்லாமல் போயிற்று. என் ஆறு அறைகளில் நானும் என் மனைவியும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். கழுவவும் வழியில்லை, கழுவினால் ரோஸ்வித்தாவோடு என் பெயரைச் சேர்த்துவிடுவார்கள்.

செப்டம்பரில் ஒரு பாட்டில் ரீஸ்லிங் ஒயினை எடுத்துக்கொண்டு பெர்த்தோல்டைப் பார்க்கப் போனேன். நோயாளியைப் பார்க்கப் போவதாக மனைவியிடம் சொன்னேன். ரோஸ்வித்தா முற்றத்தில் யாருடைய சக்கரத்தையோ கழற்றிக்கொண்டிருந்தாள். பெர்த்தோல்ட் குஷியாக இருந்தார். இத்தனை வருடத்தில் ஊராட்சி உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்தக் கோடுதான் என்றார். வயிறு எரிந்தது.

"அது ஊராட்சி போட்டதில்ல, பெர்த்தோல்ட். மே மாசக் கோடு," என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்.

"எங்க ஆரம்பிக்குது?"

"ஆல்பன் கடையில."

தலையணையைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். உயர்த்தினேன். வெளியே வரும்போது ரோஸ்வித்தா கிரீஸ் கையோடு எனக்குச் சிரித்து விடை கொடுத்தாள்.

குளிர்காலம் முழுக்க அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. மார்ச்சில் அவருக்கு எழுபதாம் பிறந்தநாள். வழக்கப்படி ஊர்த்தலைவர் பழக்கூடையோடு வந்தார். ஊராட்சி உறுப்பினன் என்பதால் நானும் கூடப் போனேன். அந்தத் தங்கையும் வந்திருந்தாள். ஏதாவது ஆசை உண்டா என்று ஊர்த்தலைவர் மரியாதைக்குக் கேட்டார்.

"உண்டு. அந்தக் கோடு மங்கிப்போச்சு. ரோட்டுக்கு அடிக்கிற பெயின்ட் குடுங்க, திரும்பப் போடணும்," என்றார் பெர்த்தோல்ட்.

ஊர்த்தலைவருக்கு வேர்த்துவிட்டது. பெயின்ட் இருக்கிறது, போட ஆள் இல்லை என்று இழுத்தார்.

"ஆள் எதுக்கு? என் பொண்டாட்டி போடுவா. எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு அவளுக்குத்தான் தெரியும்."

ரோஸ்வித்தா கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை, கடைசித் துண்டு வரை வெட்டினாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை. இருந்தும் எனக்குக் கொடுத்த கேக்கைத் தின்றேன்.

ஏப்ரல் முதல் வாரம், வெயில் நன்றாக ஏறிய பிறகு, வேலை தொடங்கியது. பெயின்ட் அறைச் சாவி என்னிடம் இருந்ததால் டின்னை நானே தூக்கிக்கொண்டு போனேன். அவள் ஆல்பன் கடையின் வாசற்படியில் மண்டியிட்டாள். ஆல்பன் வெளியே ஓடிவந்தான்.

"இங்கிருந்து வேணாம், ரோஸ்வித்தா. சைக்கிள் பாதையிலிருந்து போடு. நானும் இந்த ஊர்ல கடை வெச்சுப் பொழைக்கிறவன்."

"நகரு," என்றாள்.

அவன் நகரவில்லை. அவன் பூட்ஸ் முனைமேலேயே தூரிகையை இழுத்தாள். அப்போதுதான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பாதையில் வந்த இரண்டு சைக்கிள்காரர்கள் ஈரப் பெயின்டில் சக்கரம் படாமல் மரியாதையாக நின்றார்கள். மேலே தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைக்கும், கோட்டை ஒட்டியே வாங்க என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்தாள்.

அந்த ஏற்றம் முழுக்க முழங்காலால் ஏறினாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தாலாவது தேவலை என்று எனக்கு இருந்தது. முழங்கால் தேய்ந்து காலுறை கிழிந்து ரத்தம் வந்தது. நான் போடட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அவள் காதில் விழாத மாதிரி தூரிகையை டின்னில் முக்கினாள்.

அவள் வீட்டு வாசல் வந்ததும் முடிந்தது என்று டின்னைக் கீழே வைத்தேன். அவள் கதவைத் திறந்து வாசற்படிமேல் கோட்டை ஏற்றினாள். நடையின் ஓடுகள்மேல் இழுத்தாள். எதிர்வீட்டுத் தங்கை ஓடிவந்து எட்டிப் பார்த்துக் கத்தினாள், யாரும் அவளைக் கவனிக்கவில்லை. நான் டின்னோடு பின்னாலேயே போனேன். அறைக்குள், மரத் தரைமேல், கட்டிலின் சக்கரம் வரை கோட்டைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"இங்கதான் முடியுது," என்றாள்.

பெர்த்தோல்ட் கழுத்தைத் திருப்பிக் கட்டில் காலிலிருந்து நடை வரை பார்த்தார்.

"வாசப்படிகிட்ட கோணிப்போச்சு," என்றார்.

மதியமாகிவிட்டது. ரோஸ்வித்தா கையைக் கழுவிவிட்டு வந்து, சூப்பை ஆற்றி, கரண்டியை நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார்.