கட்டைவிரல் இல்லாமல் ஒரு கவளம்

கிட்வே நகரத்து மர அறுவை மில்லில் கபெம்ப்வாவின் பாதுகாப்பு வகுப்பென்றால் யாரும் மட்டம் போட மாட்டார்கள். சாப்பாடு உண்டே! ஆரம்பத்தில் அவரும் விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசித்தவர்தான். ஆட்கள் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார்கள். அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. ஒவ்வொருவருக்கும் வலது கைக் கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்து நாடாவால் ஒட்டிவிடுவார். எதிரே ஆவி பறக்கும் இன்ஷிமாக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருக்கும். "ம், சாப்பிடுங்க!"

களியை உருட்ட வராது, குழம்பில் தோய்க்க வராது, எல்லாம் மடியில் விழும். "டேய், எங்க வீட்டுக் கைக்குழந்தை உன்னைவிடச் சுத்தமாத் தின்னும்டா!" என்று ஒருவரையொருவர் ஓட்டுவார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் கபெம்ப்வா ஒன்றே ஒன்று கேட்பார்.

"நாடாவ நான் பிரிச்சு விட்டுருவேன். ரம்பம் விரலை எடுத்துட்டா யாரு திருப்பிக் குடுப்பா?"

கடைசித் துண்டு மரத்தைக் கையால் தள்ளாமல் கட்டையால் தள்ளும் பழக்கம் அந்த மில்லுக்கு அப்படித்தான் வந்தது.

ஒரு வருஷம் ரம்பத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் கபாசோ. கபெம்ப்வாவின் மகள் ந்கண்டுவைக் கட்டியவன். பெண் வீட்டார் விருந்து வைத்து முறையாக உள்ளே அழைக்கும்வரை மருமகன் மாமனார் எதிரில் சாப்பிடக் கூடாது. அது அவர்களுடைய பெம்பா இனத்து வழக்கம். விருந்து வைக்க வேண்டியவர் கபெம்ப்வாதான். அறுவடை முடியட்டும், கூரைத் தகடு மாற்றட்டும் என்று இரண்டு வருஷமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

வகுப்பன்று கபாசோ வாசலிலேயே தலை குனிந்து நின்றான். "மாமா, உங்க முன்னால நான் எப்படி..."

"அட, வகுப்புக்கு வந்ததாக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியாததா?"

"மாப்பிள்ளைக்கு மட்டும் சலுகையா பெரியவரே?" என்று உள்ளேயிருந்து ஒருவன் கத்தினான். கபெம்ப்வாவும் சிரித்தார். மரியாதை தெரிந்த பிள்ளை என்று உள்ளூரப் பெருமை வேறு.

அதிலிருந்து நாலாவது வாரம் கடைசித் துண்டொன்று ரம்பத்தில் சிக்கிக்கொண்டது. தள்ளுகிற கட்டை இரண்டடி தள்ளித்தான் கிடந்தது. கபாசோ கையால் தள்ளினான். வலது கைக் கட்டைவிரல் அடியோடு போயிற்று.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் கபெம்ப்வாவுக்குச் சட்டைப் பொத்தான் நினைவு வந்தது. சாப்பாடு கூடாதென்றால் என்ன? விரலைக் கட்டிவிட்டு, 'பொத்தான் போடுங்க மாப்பிள்ளை' என்றிருக்கலாமே! ஒரு நிமிட வேலை. அது ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை? அவர் யோசிக்கவே இல்லை, அதுதான் உண்மை. வழக்கத்தையும் முழுசாகச் செய்யாமல், வேலையையும் முழுசாகச் செய்யாமல் போன பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

காயம் ஆறியதும் முதல் வேலையாக விருந்து வைத்தார். கூரைத் தகடு அதே பழசுதான். பெண்கள் குலவையிட்டு மருமகனை அழைத்துவந்து மாமனார் எதிரே பாயில் உட்காரவைத்தார்கள்.

கபாசோ வலது கையால் களியைக் கிள்ளினான். உருளவில்லை, மடியில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. உதவிக்கு எழுந்த ந்கண்டுவைக் கண்ணாலேயே தடுத்தான். மூன்றாவது தடவை விரலிடுக்கில் பிடித்து எப்படியோ வாயில் போட்டுக்கொண்டான். பிறகு மாமனாரைப் பார்த்துச் சிரித்தான்.

"அன்னிக்கு விட்டுப்போன பாடத்த இன்னிக்கு முடிச்சுட்டேன் மாமா."

கபெம்ப்வா உருட்டிய கவளம் அவர் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.