பெயரை நீக்கிய பிறகும்

அந்தப் பெண் எங்கள் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. அவள் என்னைவிடச் சின்னவள், படிப்பும் குறைவு. நான் சமூகவியலில் எம்.ஏ., அதுவும் முதல் வகுப்பு. அவள் பாறசாலைப் பக்கத்து வாழைத் தோட்டக்காரர் ஒருவரின் மகள். காலைப் பாசஞ்சரில் தம்பானூர் ஸ்டேஷனில் வந்து இறங்குகிற வெறும் பி.ஏ. பேச்சில் எல்லைப்புறத் தமிழும் மலையாளமும் புட்டும் பயறும் போலக் கலந்து கிடக்கும். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பெண்கள் அவளிடம் மனதைக் கொட்டிவிடுவார்கள். என்னிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. திருவனந்தபுரத்தில் மகன் குடும்பத்தோடு வாழும் வயதான பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வருவது எங்கள் வேலை. எல்லோரும் தற்காலிக ஊழியர்கள். ஆய்வு முடிந்ததும் ஒருவருக்கு மட்டும் நிரந்தர வேலை என்று பேச்சு இருந்தது. அது எனக்குத்தான் என்று அவள் வரும்வரை நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆய்வை நடத்திய பேராசிரியை, எங்கள் மேடம், இரண்டு விஷயத்தில் கறாரானவர். பேசியவரின் பெயர் எங்கேயும் வரக்கூடாது, எண் மட்டும்தான். அப்புறம், யாரும் தங்கள் சொந்தத் தெருவுக்குக் கேள்வி கேட்கப் போகக்கூடாது. என் வீடு கரமனையில் அக்ரஹாரத் தெரு. அதனால் அந்தத் தெரு எனக்கு இல்லை என்றாகி, தமிழ் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக அவளுக்குப் போனது.

"எங்க தெருவை எனக்குத் தெரியாதா மேடம்?" என்று சண்டை போட்டுப் பார்த்தேன்.

"அறியாம். அதாணு ப்ரஸ்னம்" என்றார் மேடம். தெரியும் என்பதுதான் பிரச்சினையாம்.

மேடம் சொன்னதில் நியாயம் இருந்தது என்று எனக்கே தெரியும். நான் போய் உட்கார்ந்தால் பேனாவைத் திறப்பதற்குள் "வரன் ஏதாவது வந்துதாடி?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நியாயம் தெரிந்தால் எரிச்சல் அடங்கிவிடுமா என்ன?

ஒருநாள் வீட்டுக்குப் போனதும் அம்மா செய்தி சொன்னாள். "உங்க ஆபீஸ் பொண்ணு வந்திருந்தா. எதிர்வாடை மாமியாத்துல மத்தியானம் முழுக்க இருந்தா கேட்டியோ. மாட்டுப்பொண் ஊருல இல்லை. மாமி பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வரா!"

அந்த மாமி எனக்குச் சின்ன வயதில் தலை பின்னிவிட்டவள். என் பரீட்சை மார்க், என் ஜாதகம், என் பல்வலி எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கு முருங்கைக்காய் பிடிக்கும் என்பதுதான். எங்கிருந்தோ குடையோடு வந்தவளிடம் ஒரு மத்தியானம் முழுக்க என்ன பேசியிருப்பாள்? எனக்குக் காப்பி இறங்கவில்லை.

அது சில வாரம் கழித்துத் தெரிந்தது. ஆய்வின் முடிவை ஒரு கருத்தரங்கில் சொல்வதாக ஏற்பாடு. பேசிய பெண்களின் குடும்பங்களையும் அழைத்து, மலையாளத்தில் அச்சடித்த அறிக்கையை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும் என்பது மேடத்தின் ஆசை. அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு மட்டும் வரக்கூடாது என்பார். அதற்கு முன்னால் எங்களை உட்கார வைத்து, அவரவர் எழுதி வந்ததில் நல்லதை வாசிக்கச் சொன்னார். அவள் எழுந்து, ஒரு பாட்டியம்மா சொன்னதைச் சொன்னபடியே வாசித்தாள்.

"எங்கம்மா ஆத்துலேர்ந்து வந்த கருடசேவை பொம்மை. கொலுவுல நடுப்படியில அதுக்குன்னு ஒரு எடம் உண்டு. மாட்டுப்பொண் என்னைக் கேக்காம அதைத் தூக்கித் தன் தங்கைக்குக் குடுத்துட்டா. வரவாகிட்டல்லாம், பரண்லேர்ந்து எறக்கறச்சே ஒடஞ்சுபோச்சுன்னு வருஷா வருஷம் சொல்லிண்டிருக்கேன். பிள்ளைக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேக்கலை. பொய் சொல்லிச் சொல்லி வாய் கசந்துபோச்சு. இந்தாத்துல நானும் ஒரு பரண் சாமான்தான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அந்த பொம்மை ஒரு சிம்பலாணு" என்றார். கருத்தரங்கில் இதுதான் முதலில், அறிக்கையிலும் இதுதான் முதல் பக்கம் என்று முடிவாயிற்று. பெயர் இல்லை, வயது மாற்றியிருக்கிறது, தெருவும் இல்லை. போதாதா?

போதாது. எங்கள் தெருவில் நவராத்திரிக்கு எல்லா வீட்டுப் பெண்களும் எல்லா வீட்டுக் கொலுவுக்கும் போவார்கள். போனால் பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு சும்மா வந்துவிட மாட்டார்கள். எந்தப் படியில் எது புதுசு, எது போன வருஷம் இருந்தது இப்போது இல்லை என்று ஆடிட்டர் மாதிரிப் பார்ப்பார்கள். எதிர்வாடை மாமியிடம் கருடசேவை எங்கே என்று கேட்டு, உடைந்துபோச்சு என்ற பதிலைத் தெருவே கேட்டிருக்கிறது. நானும் கேட்டிருக்கிறேன், அடடா என்றும் சொல்லியிருக்கிறேன். அந்த அறிக்கை எங்கள் தெருவுக்குள் வந்தால் முதல் பக்கத்தைப் படித்த நிமிஷமே எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். மாட்டுப்பெண்ணுக்கும் தெரியும். மாமிக்கு அந்த வீட்டை விட்டால் போக இடம் கிடையாது.

"இது வேண்டாம் மேடம்" என்றேன்.

"எந்தே?" ஏன் என்று கேட்டார் மேடம்.

என்ன சொல்வது? ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சொன்னால், எப்படி என்று கேட்பார்கள். எப்படி என்று சொன்னால், இன்னார் வீட்டு மாமி என்று நானே அத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்ததாகும். "எனக்கு... சரியாப் படலை" என்று முனகினேன். பக்கத்தில் இருந்தவன் "அசூயையாணோ?" என்று மெதுவாகக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அசூயை இல்லை என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? காது மடல் வரைக்கும் எனக்கு அதுதானே. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து, வாசிக்கட்டுமே என்று நினைத்தேன். வாசிக்கட்டும், தெருவே பற்றி எரியட்டும், யார் எழுதியது என்று கேட்கட்டும். மேடம் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளட்டும். நான் சொன்னேனே மேடம் என்று அப்போது போய் நிற்கலாம். அந்த நினைப்பு வெல்லக்கட்டியாக இனித்தது. கரமனை வரும்வரை அதைச் சப்பிக்கொண்டே வந்தேன்.

தெருமுனையில் பூக்காரியிடம் மாமி பேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"உங்க ஆபீஸ் குட்டி ஒருத்தி வந்தாளே, சௌக்கியமா இருக்காளோ?"

"இருக்கா மாமி."

"நல்ல கொழந்தை. யாருக்கும் தெரியப்போறதில்லை மாமி, மனசுல உள்ளதைச் சொல்லுங்கோன்னா. எத்தனை வருஷமாச்சு என்னை ஒருத்தர் அப்படிக் கேட்டு!" என்றவள், தன் வீட்டு வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மாட்டுப்பெண் அங்கே துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மாமி குரலை இறக்கி, "நான் என்ன சொன்னேன்னு நோக்கு ஒண்ணும் தெரியாதே?" என்றாள்.

"தெரியாது மாமி. எங்களுக்கு நம்பர்தான்."

மாமி முகம் தெளிந்தது. அந்தத் தெளிவும் அந்தப் பெண் கொடுத்திருந்த வாக்கினால் வந்ததுதான், என்னால் இல்லை. வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போது அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு டப்பா கழுவும் குழாயடியில் அவளைப் பிடித்தேன். கொலு என்றால் பொம்மை அடுக்கும் பண்டிகை என்று மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் வீட்டில் ஏது கொலு? யார் வீடு என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் எல்லார் வீட்டுக் கொலுவையும் பார்ப்பார்கள், எது காணவில்லை என்று கேட்பார்கள், அதற்கு என்ன பதில் வந்தது என்பதைப் மூக்குப்பொடி போலப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த டப்பா நிரம்பி வழிந்தது.

"கர்த்தாவே" என்றாள். "பேரை எடுத்துட்டா போரும்னு நெனச்சிட்டேனே அக்கா."

கருத்தரங்கு நாளன்று எங்கள் தெருப் பெண்கள் பட்டுப்புடவையில் வந்து மூன்றாவது வரிசையை நிறைத்தார்கள். மாமி மாட்டுப்பெண் பக்கத்தில் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஆபீஸ் பெண் மேடையேறி, யாரோ ஒருவருடைய மூட்டுவலியைப் பற்றி வாசித்தாள். சப்பென்று இருந்தது. பின்வரிசையில் கொட்டாவி விட்டார்கள். மாமி மட்டும், தன் வீட்டுப் பெண் அரங்கேறுகிற மாதிரி வாய் கொள்ளாத சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் மேடம் அந்தப் பெண்ணை வராந்தாவிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார். அச்சுக்குப் போன அறிக்கையிலும் அந்தப் பகுதியைக் கடைசி நேரத்தில் அவளே எடுக்கச் சொல்லியிருந்தாளாம். யார் சொல்லி எடுத்தாய் என்று மேடம் கேட்டார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"ஆரும் சொன்னதில்ல மேடம். எனிக்குத் தோணி" என்றாள். தனக்கே தோன்றியதாம்.

நிரந்தர வேலை எனக்கு வந்தது. கையில் உத்தரவோடு நான் போனபோது அவள் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"நான்தான் சொன்னேன்னு மேடத்துக்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா உங்களுக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாவ. அது அந்த அம்மா வீட்டு நடைவரைக்கும் போயிரும்லா" என்றாள். பிறகு குடையை எடுத்து மடித்துக்கொண்டே சிரித்தாள். "எம்மேல உங்களுக்குப் பொறாமைன்னு எனக்கு வந்த அன்னைக்கே தெரியும் கேட்டியளா. அதையும் நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல."

மாமி ஏன் ஒரு மத்தியானம் முழுக்க அவளிடம் பேசினாள் என்று அப்போது புரிந்தது. அவள் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.